மபூட்டோவை நடந்து பார்க்க: எந்த நடைக்குக் காசு கொடுக்கலாம்?

மொசாம்பிக்கின் தலைநகர் மபூட்டோவில் வழிகாட்டியோடு நடக்கும் சுற்றுலா பெரும்பாலும் மூன்று வகை. ஒன்று, பைஷா எனப்படும் பழைய துறைமுகப் பகுதி. இரண்டு, மேட்டு நகரில் பான்ச்சோ கெடெஸ் கட்டிய விநோதக் கட்டிடங்கள். மூன்று, மஃபலாலா குடியிருப்பு. மூன்றையும் ஒன்றாகக் கட்டி விற்பவர்களும் உண்டு. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: மஃபலாலாவுக்கு வழிகாட்டி கட்டாயம் வேண்டும், கொடுக்கும் காசுக்கு மேலேயே கிடைக்கும். பைஷாவுக்கு வழிகாட்டி வேண்டாம், கையில் வரைபடமும் கொஞ்சம் முன்தயாரிப்பும் இருந்தால் போதும். கட்டிட நடை, கட்டிடக்கலைப் பித்து உள்ளவர்களுக்கு மட்டும்.

பைஷாவிலிருந்து தொடங்குவோம். தொடர்வண்டி நிலையத்தின் வாசலில் ஆரம்பித்து சுதந்திரச் சதுக்கத்தில் முடித்தால் மொத்தம் 2 கி.மீ.க்குச் சற்று மேல். நின்று நிதானித்துப் பார்த்தால் மூன்று மணி நேரம். நிலையத்தின் வேலை 1908-இல் தொடங்கியது, முகப்பு முடிந்தது 1916-இல். இங்கேயே உங்கள் வழிகாட்டிக்கு ஒரு பரீட்சை வைத்துவிடலாம். "இதைக் கட்டியது யார்?" என்று கேளுங்கள். "ஐஃபெல் கோபுரம் கட்டிய அதே ஐஃபெல்" என்று பதில் வந்தால், மீதி மூன்று மணி நேரமும் இதே தரத்தில்தான் இருக்கும். வரைந்தவர்கள் லிஸ்போவா தெ லிமா, மாரியோ வெய்கா, ஃபெரெய்ரா த கோஸ்தா ஆகிய மூவர். மேலே சுதந்திரச் சதுக்கத்துக்கு அருகே நிற்கும் 1892-ஆம் ஆண்டின் இரும்பு வீட்டுக்கும் அதே ஐஃபெல் கதைதான் ஓடுகிறது. அது பெல்ஜியத்தில் தகடு தகடாகச் செய்து கப்பலில் கொண்டுவந்து பூட்டியது. ஆளுநர் குடியிருக்க என்று வாங்கினார்கள். சுவர், கூரை எல்லாம் இரும்பு, ஊரோ வெப்பமண்டலத்தின் விளிம்பில். உள்ளே வெந்து போகும் என்பதால் ஆளுநர் குடியேறவே இல்லை.

நிலையத்துக்குள் நடைமேடை வரை போகலாம். ரயில்வே அருங்காட்சியகமும் உள்ளேயே இருக்கிறது. நிலையத்துக்கு வெளியே உள்ள சதுக்கத்தின் நடுவில், முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காக வைத்த பெரிய கற்சிலை: ஒரு பெண், கூடவே ஒரு பாம்பு. மரத்தில் தொங்கி வழிப்போக்கரைக் கொத்திவந்த பாம்பை, தலையில் கொதிக்கும் கஞ்சிப் பானையோடு போன கிழவி தீர்த்துக்கட்டினாள் என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். போர் நினைவுச் சின்னத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் எந்தப் பலகையிலும் கிடையாது.

நிலையத்திலிருந்து கோட்டைக்குப் போகும் பகமோயோ தெரு, போர்ச்சுகீசியக் காலனி நாளில் அராவ்ஜு தெரு என்ற பெயரில் மாலுமிகளின் மதுக்கடைத் தெருவாக இருந்தது. இப்போதும் ராத்திரியில் அதே வேலைதான். அதனால் பகலில் மட்டும் நடக்கவும். மாடிகளில் வார்ப்பிரும்புக் கம்பி வேலைப்பாடு கொண்ட பழைய முகப்புகள் சில இன்னும் நிற்கின்றன. அண்ணாந்து பார்க்கும்போது அடி எடுத்து வைக்காதீர்கள். காரணம் கீழே வருகிறது.

பைஷாவில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் கோட்டைக்குப் போங்கள். இப்போது இருக்கும் சிவப்புக் கல் வடிவம் 1940-களில் மீட்டுக் கட்டியது, ஆகவே பழமை தேடிப் போகிறவர்களுக்குச் சுமார்தான். உள்ளே இருப்பதுதான் விஷயம். தெற்கு மொசாம்பிக்கை ஆண்ட காஸா பேரரசின் கடைசி மன்னர் குங்குன்யானாவை 1895-இல் சைமித்தேயில் போர்ச்சுகீசியத் தளபதி மோசினோ தெ அல்புகெர்கே பிடித்தார். மன்னரை அசோர்ஸ் தீவுகளுக்கு நாடு கடத்தினார்கள். அங்கேயே 1906-இல் இறந்தார். 1985-இல் அவருடைய எச்சங்கள் என்று சொல்லித் திரும்பி வந்தவை, செதுக்கு வேலை செய்த மரப்பெட்டிக்குள் இந்தக் கோட்டையில்தான் இருக்கின்றன. நகரசபை முன்னால் குதிரைமேல் நின்ற மோசினோவின் வெண்கலச் சிலையை, விடுதலைக்குப் பிறகு பெயர்த்துக் கொண்டுவந்து வைத்ததும் இதே முற்றத்தில். பிடித்தவரும் பிடிபட்டவரும் ஒரே மதிலுக்குள். இதைத் தேடிப் பார்க்க வழிகாட்டி தேவையில்லை, ஆனால் விவரம் தெரியாமல் போனால் பழைய பீரங்கிகளைப் பார்த்துவிட்டு வந்துவிடுவீர்கள். பெரும்பாலோர் அப்படித்தான் வருகிறார்கள். எதிர்ச் சதுக்கத்தில் மஞ்சள் வீடு, 1860 வாக்கில் கட்டியது, இப்போது நாணய அருங்காட்சியகம். பணத்தாள் சேகரிப்பவர்களுக்கு ஒரு மணி நேரம், மற்றவர்களுக்கு வெளியே நின்று ஒரு படம்.

அங்கிருந்து மத்தியச் சந்தை, 1901-இல் திறந்தது. உள்ளூரில் பஸார் என்றுதான் சொல்வார்கள். முந்திரி வாங்கப் போகிறவர்கள் வாசலிலேயே நின்றுவிட வேண்டாம். வெளியூர்க்காரரைப் பார்த்ததும் விலை ஏறும் இடம் அது. உள்வரிசைக்குப் போய் கிலோ கணக்கில் கேளுங்கள். ஒன்றை வாயில் போட்டுப் பாருங்கள்: சிக்கு வாடை லேசாக வந்தாலும் வேண்டாம், ஈரக்காற்று அடிக்கும் மாதங்களில் வறுத்த முந்திரி சீக்கிரம் சிக்குப் பிடிக்கும். சந்தைக்கு எதிரே காசா எலெஃபான்தே, 1919 முதல் கபுலானா துணி விற்கும் கடை. பெண்கள் இடுப்பில் சுற்றவும் பிள்ளையை முதுகில் கட்டவும் பயன்படுத்தும் அச்சுத் துணி இது. ஏறக்குறைய 2 மீட்டர் துண்டு கணக்கில் விற்பார்கள். துணியைத் திருப்பிப் பாருங்கள். இரு பக்கமும் ஒரே அடர்த்தியில் நிறம் இருந்தால் மெழுகு அச்சு, விலை கூடுதல். பின்பக்கம் வெளிறியிருந்தால் ஒருபக்க அச்சு, முதல் சலவையில் சாயம் போகும், தனியாகத்தான் துவைக்க வேண்டும். கடையில் இருக்கும் விறைப்பு கஞ்சியின் விறைப்பு, துவைத்ததும் போய்விடும். அதை வைத்துத் தரத்தை எடைபோடாதீர்கள். இந்தியாவில் அச்சான துணியும் அங்கே அடுக்கில் இருக்கும். நினைவுப் பொருளாக அதைச் சுமந்து வரத்தான் வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பின் சமோரா மஷேல் அவென்யூ வழியாக மேட்டில் ஏறினால் துந்துரு தாவரவியல் பூங்கா. 1885-இல் தொடங்கியது, தாமஸ் ஹானி என்ற பிரிட்டிஷ் தோட்டக்கலைஞர் வடிவமைத்தது. பெரிய மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் கொத்துக்கொத்தாகத் தொங்கும், நேர் கீழே உட்காராதீர்கள். உச்சியில் சுதந்திரச் சதுக்கம்: 1944-இன் வெள்ளைத் தேவாலயம், நகரசபை, நடுவே 2011-இல் வைத்த நாட்டின் முதல் அதிபர் சமோரா மஷேலின் 9 மீட்டர் வெண்கலச் சிலை, வட கொரியத் தயாரிப்பு.

இனி நடப்பதைப் பற்றி. மபூட்டோவின் பெரும் அவென்யூக்கள், அதாவது 25 செப்டம்பர், 24 ஜூலை, எடுவார்டோ மோண்ட்லானே போன்றவை, ஏறக்குறைய கிழக்கு மேற்காக ஓடுகின்றன. ஊர் இருப்பது தெற்கு அட்சரேகை 26 பாகையில். அதனால் வெயில் வடக்கிலிருந்து சாய்ந்து விழும். மே முதல் ஆகஸ்ட் வரை நண்பகலில்கூட வடக்குப் பக்க நடைபாதையில் கட்டிட நிழல் கிடைக்கும். தெற்குப் பக்கம் நடப்பவர் சும்மா வேகிறார். டிசம்பரில் இந்தக் கணக்கு எடுபடாது, உச்சிவேளையில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே. அந்த மாதத்தில் விடியல் 5 மணிக்கு முன்பே. 6 மணிக்குக் கிளம்பி 10-க்குள் முடித்துவிட வேண்டும். ஜூனிலோ சூரியன் மாலை 5 மணி தாண்டியதும் மறைந்துவிடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு "மெதுவாகப் போகலாம்" என்று கிளம்புகிறவர்கள் பாதி வழியில் இருட்டில் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

நடைபாதைதான் இந்த ஊரின் பெரிய குறை. மர வேர் தூக்கிய கற்கள், மூடி காணாமல் போன சாக்கடைக் குழிகள், நடைபாதையிலேயே நிறுத்திய கார்கள். செருப்பு உதவாது, முன்பக்கம் மூடிய, அடிப்பாகம் வளையாத காலணி வேண்டும். இருட்டிய பிறகு குழி தெரியாது, விளக்கு எல்லாத் தெருவிலும் எரியாது. சாலையைக் கடப்பதில் மட்டும் நமக்குச் சௌகரியம்: வண்டிகள் இடப்பக்கம்தான் ஓடும், பழகிய கண் போதும்.

கிழமையும் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை பைஷா வெறிச்சோடிவிடும், கடைகள் பூட்டு. ஆள் நடமாட்டம் இல்லாத தெருவில்தான் கைப்பேசி பறிபோகும். சனிக்கிழமை மதியத்தோடு கடைகள் மூட ஆரம்பிக்கும். திங்கட்கிழமை அருங்காட்சியகங்களுக்குப் பெரும்பாலும் விடுமுறை. ஆகவே செவ்வாய் முதல் வெள்ளி வரை, காலை வேளை.

கெடெஸ் நடை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பான்ச்சோ கெடெஸ் (1925–2015) 1950-களிலிருந்து 1970-களின் நடுப்பகுதி வரை இந்த நகரத்தில் கட்டித் தள்ளியவர். பல்லும் முதுகெலும்பும் முளைத்தது போன்ற முகப்புகள். 'சிரிக்கும் சிங்கம்' என்ற அடுக்குமாடி அவற்றில் புகழ்பெற்றது. சிக்கல் என்னவென்றால், இவை எல்லாவற்றிலும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். உள்ளே போக முடியாது, எதிர் நடைபாதையில் நின்று பார்க்க வேண்டியதுதான். கட்டிடங்கள் ஒன்றுக்கொன்று தள்ளியும் இருக்கின்றன. வழிகாட்டியின் மதிப்பு, வாசல் காவலரிடம் பேசி படிக்கட்டு வரையாவது கூட்டிப்போவதில் இருக்கிறது. முன்பதிவின்போதே "எத்தனை கட்டிடத்துக்குள் போவோம்?" என்று கேளுங்கள். ஒன்றுகூட இல்லை என்றால் அந்தக் காசில் நல்ல இறால் சாப்பிடலாம். அவர் கட்டாதது என்றாலும் அதே சுற்றில் விடக்கூடாதது, குவாமே நிக்ருமா அவென்யூவில் 1962-இல் முடிந்த போலானா புனித அந்தோணியார் தேவாலயம். எலுமிச்சை பிழியும் கருவி என்று ஊரே கிண்டல் செய்யும் மடிப்பு மடிப்பான கான்கிரீட் கூம்பு. வெளியே கிண்டலுக்குப் பொருத்தம்தான், உள்ளே போய் வண்ணக் கண்ணாடி வெளிச்சத்தில் நின்றால் பேச்சு வராது. இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யானைக் கரு 22 மாதத்தில் வளரும் நிலைகளை 14 உண்மையான கருக்களை வைத்துக் காட்டும் அடுக்கு அங்கே இருக்கிறது. பார்க்கச் சங்கடமானது, வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காதது.

மஃபலாலா வேறு கணக்கு. நகர மையத்திலிருந்து வடக்கே சுமார் 3 கி.மீ., மரியென் ங்குவாபி அவென்யூவைத் தாண்டினால் தெருக்கள் சந்துகளாகிவிடும். காலனி ஆட்சியில் நகரம் இரண்டு: வெள்ளையருக்குச் சிமென்ட் நகரம், கறுப்பருக்கு நாணல் நகரம். இந்தப் பக்கம் செங்கல்லும் சிமென்ட்டும் வைத்து நிரந்தர வீடு கட்ட அனுமதி இல்லை. அதனால்தான் மரச்சட்டத்தின்மேல் நெளித் தகரம் அடித்த வீடுகள். அந்த வீடுகள் இன்னும் நிற்கின்றன, இன்னும் ஆட்கள் வாழ்கிறார்கள். ஜன்னலுக்கு மேல் மரவிளிம்பில் செதுக்கிய அலங்காரம், தகரத்தில் பச்சை, நீலம் என்று அடுக்கடுக்காக அடித்த வண்ணம், துரு அரித்த இடத்தில் பொருத்திய புதுத் துண்டு, இவற்றை ஒவ்வொன்றாகக் காட்டிச் சொல்லும் வழிகாட்டி கிடைத்தால் ஒரு சுவரே வரலாறு சொல்லும்.

வழிகாட்டி ஏன் கட்டாயம்? பெயர்ப்பலகை கிடையாது, சந்துக்கும் பெயர் தெரியாது, நீங்கள் எட்டிப் பார்ப்பது ஒருவருடைய முற்றத்தை. தனியாகக் கேமராவோடு நுழைவது ஆபத்து என்பதைவிட அநாகரிகம். 1966 உலகக் கோப்பைக் கால்பந்தில் போர்ச்சுகலுக்காக 9 கோல் அடித்த எவுசேபியோ பிறந்து வளர்ந்த இடம், கவிஞர் நொயெமியா தெ சௌசாவின் தகர வீடு, 1991-இல் ஆப்பிரிக்கர்களில் முதல் ஆளாக, போர்ச்சுகீசிய மொழி இலக்கியத்துக்கான கமொயிஸ் பரிசு பெற்ற ஜோசே க்ரவெய்ரின்யா உலவிய தெருக்கள், பின்னாளில் நாட்டின் அதிபர்களான சமோரா மஷேலும் ஜோவாகிம் சிசானோவும் இளவயதில் தங்கிய வீடுகள், எல்லாம் ஒரே பேட்டையில். வெளியாளால் இவற்றில் ஒன்றைக்கூடத் தானாகக் கண்டுபிடிக்க முடியாது.

இங்கே நெடுநாளாக நடை நடத்துவது இவெர்கா என்ற உள்ளூர் அமைப்பு. 2019-இல் திறந்த மஃபலாலா அருங்காட்சியகமும் அவர்கள் முயற்சிதான். இரண்டரை முதல் மூன்று மணி நேரம், தூரம் அதிகமில்லை, நின்று பேசுவதே அதிகம். பேட்டையில் வளர்ந்தவர்களே கூட வருவதால் வீட்டுக்காரர்கள் தாமாகக் கதவைத் திறக்கிறார்கள். இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே கொடுக்கலாம். சில நிறுவனங்கள் வேனில் ஏற்றி, நகரச் சுற்றுலாவின் வாலாக மஃபலாலாவை 40 நிமிடத்தில் காட்டுவதாக விற்கும். அதை வாங்காதீர்கள், சந்துக்குள் வேன் போகாது, ஓரத்துச் சாலையைத்தான் பார்ப்பீர்கள்.

வடக்கிலிருந்து வந்து குடியேறிய மக்குவா பெண்களின் தூஃபு நடனத்தையும் கூடுதல் கட்டணத்தில் ஏற்பாடு செய்வார்கள். இதை முன்கூட்டியே கேட்க வேண்டும், வந்து நின்றபின் கேட்டால் குழுவைத் திரட்ட முடியாது. ஆடும் பெண்கள் முகத்தில் பூசியிருக்கும் வெள்ளைப் பூச்சு முசிரோ. மரக்கட்டையைத் தண்ணீர் விட்டுக் கல்லில், சந்தனம் இழைப்பது போலவே, வட்டம் வட்டமாக உரைத்து எடுக்கும் விழுது. இழைப்பதைப் பார்க்க வேண்டும் என்றால் நடனத்துக்கு அரைமணி முன்பே போய்விட வேண்டும். பூசிக் காய்ந்தபின் போகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

முன்பதிவில் எங்கே சொதப்பும்? மொழியில். ஆங்கில வழிகாட்டி வேண்டும் என்று எழுதிக் கேட்டு, முந்தைய நாள் மறுபடி உறுதி செய்யுங்கள். இல்லாவிட்டால் போர்ச்சுகீசியம் மட்டும் பேசுபவர் வந்து நிற்க வாய்ப்புண்டு, பிறகு பாதிக் கதை போச்சு. குழுவில் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். 8 பேருக்கு மேல் போனால் சந்தில் பின்னால் நிற்பவருக்கு எதுவும் கேட்காது. பேட்டை தாழ்வான நிலம், மழை பெய்தால் தண்ணீர் வடிய இடமில்லாமல் நாள்கணக்கில் தேங்கும். கனமழைக்குப் பிறகு இரண்டு நாள் தள்ளிப் போடுவது இரு தரப்புக்கும் நல்லது. ஜூன், ஜூலையில் மதியம் 2 மணிக்கு மேல் தொடங்கும் நடை வேண்டாம். கோடையில் நண்பகல் வேண்டாம், தகர வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தால் ஐந்து நிமிடம் தாங்காது. படம் எடுக்குமுன் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். குழந்தைகள் தாமே வந்து நிற்பார்கள், அதை அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சாப்பாடு: காலை நடைக்கு ரொட்டியும் பஜியாவும் போதும். காராமணியை ஊறவைத்துத் தோல் கழுவி, பூண்டு உப்போடு அரைத்து, நன்றாக அடித்து எண்ணெயில் கிள்ளிப் போட்ட சின்னச் சின்ன உருண்டைகள். சட்டியிலிருந்து எடுத்ததும் ரொட்டியைப் பிளந்து நாலைந்தை அமுக்கித் தருவார்கள். எண்ணெய்ச் சட்டி பக்கத்தில் இருக்கும் கடையில் மட்டும் வாங்குங்கள். பிளாஸ்டிக் வாளியில் காலையிலிருந்து மூடி வைத்தது எண்ணெய் குடித்துத் தொய்ந்திருக்கும். மதியத்துக்கு மத்தாபா: மரவள்ளி இலையை உரலில் இடித்து, வேர்க்கடலைப் பொடியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வேகவைப்பது. பச்சை இலையில் சயனைடு உண்டு, நெடுநேரம் வெந்தால்தான் போகும். அவசர அவசரமாகச் செய்து தரும் இடத்தில் தவிர்க்கவும். சைவர்கள் "இறால் இல்லாமல்" என்று சொல்லியாக வேண்டும், பெரும்பாலும் போட்டுவிடுவார்கள்.

பணம் மெட்டிகாலில். சமீப ஆண்டுகளில் 1 அமெரிக்க டாலருக்கு சுமார் 63, 64 மெட்டிகால் என்றே நிலையாக இருந்து வருகிறது. 1000, 500 தாள்களுக்குத் தெருக்கடையில் சில்லறை கிடைக்காது. 50, 100 தாள்களாக வைத்துக்கொள்ளுங்கள். திரும்பிவர ஷோப்பெலா இருக்கிறது. நம் ஊர் பஜாஜ் ஆட்டோவேதான், மீட்டர் இல்லை, ஏறுமுன் பேசிவிட வேண்டும்.

போலீஸ் நிறுத்தி அடையாளச் சான்று கேட்பது சகஜம். நோட்டரி சான்றளித்த பாஸ்போர்ட் நகலைக் காட்டினால் பெரும்பாலும் போதும், அசலை விடுதிப் பெட்டகத்தில் வையுங்கள். அங்கேயே அபராதம் கட்டு என்றால் சிரித்த முகத்தோடு "எஸ்குவாத்ரா" என்று சொல்லுங்கள், காவல் நிலையத்துக்குப் போய்க் கட்டுகிறேன் என்று பொருள்படும். பெரும்பாலும் பேச்சு அதோடு முடியும். அதிபர் மாளிகை இருக்கும் பொந்தா வெர்மெல்யா பக்கம் கேமராவை வெளியே எடுக்கவே வேண்டாம், காவலர் எதிர்ப்பக்கம் போகச் சொன்னால் பேசாமல் கடந்துவிடுங்கள். 2024 அக்டோபர் தேர்தலுக்குப் பிறகு வாரக்கணக்கில் மறியலும் துப்பாக்கிச் சூடும் நடந்த ஊர் இது. அறிவித்த போராட்ட நாளில் நடை ஏதும் வைத்துக்கொள்ளாதீர்கள், முன்பணம் கட்டியிருந்தால் வேறு நாளுக்கு மாற்றிக் கேளுங்கள்.